நாலே நாலு

காரணம்பேட்டையில் மாடி வீடு.
கீழே பன்னிரண்டு ஆட்டோலூம், மூன்று ஷிப்ட்.
தரை வழியாக ஏறும் அதிர்வில்
டம்ளர் தண்ணீரில் எந்நேரமும் ஒரு வட்டம்.
நான் கர்னல் கோட் படிக்கிறேன்.

கார்வேந்தன் அனுப்பிய பேட்ச்.
நூற்று நாற்பது வரி சேர்த்து
முப்பது வரி எடுத்திருக்கிறான்.
விஷயம், ஹார்ட்வேர் ப்ரேக்பாயிண்ட்:
ஒரு முகவரியைக் காட்டி
இதை யார் தொட்டாலும் என்னைக் கூப்பிடு என்று
ப்ராசஸரிடமே சொல்லிவைக்கும் ஏற்பாடு.
அதற்கென்று அதில் நாலு ரிஜிஸ்டர்.
கோடி கோடி முகவரிக்கு
நாலே நாலு.

இதில் ஒரு வேடிக்கை.
கட்டளை ஓடுவதைப் பார்க்கச் சொன்னால்
ஓடுமுன் பிடித்துவிடும்.
எழுதுவதைப் பார்க்கச் சொன்னால்
எழுதி முடித்த பிறகுதான் கையைத் தூக்கும்.
பழைய மதிப்பு அதற்குள் போயிருக்கும்.
கீழே தறியிலும் அப்படித்தான்,
ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு தகட்டுப் பின் தொங்குகிறது,
இழை அறுந்தால் பின் விழும்,
பின் விழுந்தால் தறி நிற்கும்.
அறுவதற்கு முன்னால் நின்ற தறியை
இந்த ஷெட்டில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

நாற்பத்தேழாவது வரி.
எட்டு ப்ராசஸருக்கும் ஒவ்வொன்றாய்ப் போய்
இடம் பிடிக்கிறது ஒரு லூப்.
ஆறாவதில் இடம் இல்லையென்றால்?
பிடித்த ஐந்தையும் விட்டுவிட்டு
வெளியே வரவேண்டும்.
இவன் நேராக வெளியே வருகிறான்,
தண்ணி முறை முடிந்தும் மடையை அடைக்காமல்
வீட்டுக்குப் போய்ப் படுத்தவனாட்டம்.
நாலு தரம் இப்படி நடந்தால் போதும்.
பிறகு எந்த டீபக்கர் வந்து கேட்டாலும்
இடமில்லை என்றே பதில்.
உள்ளே எட்டிப் பார்த்தால்
எவனோ எப்போதோ கைவிட்டுப் போன முகவரியை
நாலு ரிஜிஸ்டரும்
கண் இமைக்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

எழுதினேன்:
'திரும்பி வரும் வழியைப் படித்தே பார்க்கவில்லையா?
ஐந்து வருஷ அனுபவம் உள்ளவர் செய்கிற தவறா இது?'
கேள்விக்குறி போதாதென்று
இன்னொன்று சேர்த்தேன்.

அனுப்புமுன், பழக்க தோஷம்,
இவன் எதைப் பார்த்து எழுதினான் என்று தேடினேன்.
பக்கத்துக் கோப்பில் அதே லூப்.
அதே அவசர வெளியேற்றம்.
மாறியின் பெயரில் இருந்த எழுத்துப்பிழைகூட அதேதான்.
இந்த வரி யாருடையது?
கருவி ஒரு நொடி யோசித்துச் சொன்னது.
சோ. துளசிமணி.
நான்தான்.
ஆறு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி,
இரவு பதினொன்று நாற்பது.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.
பன்னிரண்டு தறியும் நின்றுபோய்
மழை மட்டும் தனியாகக் கேட்ட இரவு.
யு.பி.எஸ்ஸில் பதினெட்டு நிமிஷம் மிச்சம்.
சோதித்தேன், சரி என்று
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் தூங்கினேன்.
நன்றாகத் தூங்கினதாகவும் ஞாபகம்.

எழுதியதை அழித்தேன். போன் செய்தேன்.
கோபியில் இருந்தான், பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.
'அந்த எர்ரர் வழி...' என்றேன்.
'அது உங்க கோட்ல இருந்து எடுத்ததுங்க்கா.
எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சுங்.
உங்க பேரு இருந்துதுங்களா,
சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டனுங்.'

அவன் குத்திச் சொல்லவில்லை.
அதுதான் குத்தியது.

தவறு என்னுடையது, இரண்டு இடத்திலும் திருத்துவோம்
என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.
கீழே ஒரு தறி நின்றது.
மீதிப் பதினொன்றின் இரைச்சலில் அது காதுக்குத் தெரியாது,
டம்ளர் வட்டம்தான் கொஞ்சம் இளைக்கும்.
யாரோ நடந்து போய், அறுந்த இழையைத் தேடி
முடிச்சுப் போடுகிற நேரம்.

என் பெயரில் உள்ள வரிகளை எண்ணச் சொன்னேன்.
மூவாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
முதலாவதைத் திறந்தேன்.
வெறும் அடைப்புக்குறி.
அது சரியாக இருந்தது.